உப்புச் சர்க்கரைக் காகிதம்

ஐந்து காகிதங்கள் தயாராக இருந்தன. ஆறாவதுதான் சென்னியப்பனை நிம்மதியாகச் சோறு தின்ன விடவில்லை.

கேரள எல்லைக்குள் இருக்கிற கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தும் ஏசுரத்தினம், ஐந்தையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பிவைத்திருந்தார். சென்னியப்பனின் ஒரே மகன் காளிச்சாமியின் பாஸ்போர்ட், கோயமுத்தூர் விவசாயக் கல்லூரி மதிப்பெண் பட்டியல், போட்டோ ஒட்டிய விண்ணப்பம், அமெரிக்கப் பல்கலைக்கழகம் அனுப்பிய ஐ-இருபது என்கிற படிவம், படிப்புச் செலவு முழுவதையும் தாங்களே ஏற்பதாக அவர்கள் எழுதிய கடிதம். ஆறாவது இடம் காலியாக இருந்தது. அங்கே, பையன் படிப்பு முடிந்ததும் ஊர் திரும்புவான் என்பதற்கு அத்தாட்சி வரவேண்டும்.

"அதுக்குத்தான் நானிருக்கறனுங்களே. நாஞ் சொன்னா வராமப் போயிருவானாக்கு?" என்றார் சென்னியப்பன்.

ஏசுரத்தினம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரிடம் கவருக்குத் தபால்தலை கேட்டால்கூட, தபால் எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது என்று சொல்லி முடித்த பிறகுதான் தபால்தலை கைக்கு வரும்.

"நல்லாக் கேட்டுக்குங்க. பாஸ்போர்ட்டுங்கறது நம்ம கவர்மெண்டு 'போலாம்'னு சொல்றது. ஐ-இருபதுங்கறது அந்தக் காலேஜு 'வாப்பா'ன்னு கூப்புடறது. விசாங்கறது அந்த நாடு 'உள்ள வரலாம்'னு சொல்றது. மூணையும் மூணு பேரு தனித்தனியாச் சொல்லோணும்ங்க."

"செரி, மூணாமத்தவன் சொல்றதுக்கு என்ன கேடு?"

கேடு அந்த நாட்டுச் சட்டத்தில் இருந்தது. படிக்க வருகிறேன் என்று யார் போய் நின்றாலும், இவன் தங்கிவிடத்தான் வருகிறான் என்று நினைத்துக்கொண்டே அங்கே பேச்சைத் தொடங்குவார்கள். அப்படி இல்லை என்று காட்டவேண்டியது போய் நிற்பவனின் பொறுப்பு. இதை ஏசுரத்தினம் மூன்று முறை, மூன்று விதமாக விளக்கினார். சென்னியப்பனுக்குக் கோபம் வந்தது.

"அப்ப எம்பட பையனைத் திருடன்னு வெச்சுக்கிட்டுத்தான் பேசுவாங்களா?"

"திருடன்னு இல்லீங்க. நம்மூட்டுக்கு வந்த சம்பந்தி எப்பப் பொறப்படுவாருன்னு பாத்துக்கிட்டே இருப்பமுல்லங்க, அந்த மாதிரி."

அது சென்னியப்பனுக்கு உடனே புரிந்தது.

மெட்ராஸில் நேர்காணலுக்கு இருபத்தோரு நாள் இருந்தது. அதில் விசா கிடைக்காவிட்டால், பல்கலைக்கழகம் அந்த இடத்தை அடுத்தவனுக்குக் கொடுத்துவிடும். காளிச்சாமி இரண்டு வருடம் கடிதம் எழுதி எழுதி வாங்கிய இடம் அது.

பிடிமானம் என்று ஏதாவது வேண்டும், ஊரில் நிலம் இருந்தால் அதைக் காட்டலாம் என்று ஏசுரத்தினம் சொன்னதும், சென்னியப்பன் நேரே வில்லேஜ் ஆபீசுக்குப் போனார். அவருக்கு இருந்தது பதினோரு ஏக்கர். ஆனால் அமெரிக்காக்காரன் பார்க்கப்போகிற காகிதம். பிடிமானம் கொஞ்சம் கெட்டியாகத் தெரியட்டுமே என்று அண்ணன் தோட்டத்தையும் மைத்துனனின் மானாவாரிக் காட்டையும் மனதுக்குள் சேர்த்துக்கொண்டார். "ஆகெ எத்ர ஏக்கர் உண்டு?" என்று அதிகாரி மலையாளத்தில் மொத்த நிலத்தையும் கேட்டபோது நெஞ்சை நிமிர்த்தி நாற்பது என்றார்.

அதிகாரி எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடிவிட்டு வேறொரு நோட்டை எடுத்தார். அளவுக்கு மேல் நிலம் இருந்தால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்கிற நில உச்சவரம்புச் சட்டம் வந்து நாலைந்து வருடம்தான் ஆகியிருந்தது. நாற்பது ஏக்கர் வைத்திருப்பதாகத் தானே வந்து சொன்ன ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை. உட்காரச் சொல்லி, டீ வரவழைத்துக் கொடுத்தார்.

மறுவாரம் பத்திரங்கள் எல்லாம் சரிபார்ப்பதற்காகத் தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டன. பதினோரு ஏக்கருக்கு உண்டான பத்திரமும் அதில் ஒன்று. அண்ணன் தோட்டத்தையும் அளக்க ஆள் வந்தது. அண்ணன் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

"நாந் தெரியாமக் கேக்கறன்," என்றாள் சென்னியப்பனின் மனைவி முத்தாத்தாள். "பையன் திரும்பி வருவானான்னுதான அவங்களுக்குச் சந்தேகம்? ஒரு கண்ணாலத்தப் பேசி வெச்சுட்டா அப்பறம் என்ன சந்தேகம்?"

ஏசுரத்தினத்திடம் கேட்டபோது, நிலத்தைவிட அது நல்ல பிடிமானம் என்றார். நிலம் காத்திருக்கும், பெண் வீட்டார் காத்திருக்கமாட்டார்கள் என்பது அந்த அதிகாரிகளுக்கும் தெரியுமாம்.

பொள்ளாச்சிக்குத் தெற்கே செங்கோட்டையன் என்பவரின் மகள் கமலாத்தாள், பி.எஸ்ஸி. படித்த பெண், ஜாதகமும் பொருந்தியது. ஒரே ஒரு சங்கடம். மாப்பிள்ளை இரண்டு வருடம் கடல் கடந்து போகிறான் என்று தெரிந்தால் எந்தப் பெண் வீட்டார் சம்மதிப்பார்கள்? அதனால் சென்னியப்பன் அமெரிக்காவை அப்படியே விழுங்கிவிட்டார். பையன் விவசாயப் படிப்பு முடித்திருக்கிறான், மேற்கொண்டு கொஞ்சம் படிக்கிற யோசனை என்று மட்டும் சொன்னார்.

காளிச்சாமிக்கு இது பிடிக்கவில்லை.

"சொல்லீரலாமுங்கப்பா. நாளைக்குத் தெரிஞ்சா அசிங்கமுங்க."

"விசா வரட்டும். நானே போய்க் கால்ல உளுந்துக்கறன்."

மறுப்பார்கள், இழுப்பார்கள் என்று பயந்துகொண்டு போனவருக்கு ஆச்சரியம் காத்திருந்தது. செங்கோட்டையன் ஒரே பேச்சில் சம்மதித்துவிட்டார். கல்யாணம் எப்போது என்றுகூடக் கேட்கவில்லை. ரெண்டு வருசம் கழிச்சு வெச்சுக்கலாமுங்களா என்று சென்னியப்பன் கேட்டதற்கு, "அதுக்கென்னுங்க, மெதுவா வெச்சுக்கலாமுங்க" என்றார் முகமெல்லாம் சிரிப்பாக. இப்படி ஒரு தங்கமான மனிதரை ஏமாற்றுகிறோமே என்று சென்னியப்பனுக்கு அன்று பந்தியில் கையே ஓடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு வீட்டாரும் உப்புச் சர்க்கரை மாற்றிக்கொண்டார்கள். இவர்கள் உப்பும் சர்க்கரையும் கொண்டுபோய்க் கொடுக்க, அவர்களும் உப்பும் சர்க்கரையும் கொடுத்தார்கள். பெரியவர்கள் பார்க்க அது கைமாறிவிட்டால் நிச்சயம் ஆன மாதிரி. அதற்குப் பிறகு யாரும் பேச்சு மாறுவது வழக்கமில்லை.

"காயிதம் எங்கீங்க?" என்றார் ஏசுரத்தினம்.

"உப்புச் சக்கரைக்கு எதுக்குங்க காயிதம்?"

உப்பும் சர்க்கரையும் கைமாறியதை மெட்ராஸில் உள்ள வெள்ளைக்காரர் எப்படிப் பார்ப்பார் என்று ஏசுரத்தினம் திருப்பிக் கேட்டார். சென்னியப்பன் அன்று எடுத்த போட்டோ ஒன்றைக் காட்டினார். அதில் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஆளுக்கொரு பையைப் பிடித்தபடி முறைத்துக்கொண்டு நின்றார்கள். அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த ஏசுரத்தினம், ரேஷன் கடைத் தகராறு மாதிரி இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு முத்திரைத்தாள் வாங்கி அவரே இங்கிலீஷில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் அடித்தார். எதையும் அரைகுறையாகச் செய்வது அவருக்கு ஆகாது. கேரளத்தைச் சேர்ந்த முதல் தரப்பாரும் தமிழ்நாட்டைச் சேர்ந்த இரண்டாம் தரப்பாரும் இன்ன தேதியில், இன்னின்ன சாட்சிகள் முன்னிலையில், இத்தனை அளவு உப்பும் இத்தனை அளவு சர்க்கரையும் பரிமாற்றம் செய்துகொண்டார்கள் என்று முதல் பக்கம் முழுக்க எழுதினார். கல்யாணப் பேச்சு இரண்டாம் பக்கத்தில்தான் வந்தது. பத்திரம் எழுதப்போவதாகத் தகவல் போனதுமே செங்கோட்டையன் தனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்ததால், இரண்டு பிரதி. இனி அவருடைய ஒப்பு, அதாவது கையெழுத்து, விழுந்தால் போதும்.

நேர்காணலுக்கு மூன்று நாள் இருக்கும்போது, சென்னியப்பன் இரண்டு பிரதிகளையும் மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு பொள்ளாச்சி பஸ் ஏறினார். எல்லைச் சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. அரிசிக்கும் சர்க்கரைக்கும் கெடுபிடியாக இருந்த சமயம். பைகளைத் துழாவிக்கொண்டே வந்த அதிகாரி, மஞ்சள் பையிலிருந்த பத்திரத்தை எடுத்து முதல் பக்கத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"எறங்குங்க," என்றார்.

பஸ் போய்விட்டது. இருபது வருட சர்வீஸில் பார்சலுக்குள், வைக்கோலுக்கு அடியில், கர்ப்பிணி வயிறாக என்று எத்தனையோ விதமாகச் சர்க்கரை கடத்துவதைப் பார்த்திருப்பதாகவும், முத்திரைத்தாளில் எழுதிச் சாட்சிக் கையெழுத்தோடு கடத்துகிற ஆளை இன்றுதான் பார்ப்பதாகவும் அதிகாரி சொன்னார்.

"சரக்கு எங்க?"

"தின்னாச்சுங்க," என்றார் சென்னியப்பன்.

"எத்தனை பேரு?"

"பந்தியில ஒரு எம்பது பேரு இருக்குமுங்க."

அதிகாரி எண்பது பேரின் பெயரையும் கேட்பார் போலிருந்தது. சென்னியப்பன் கும்பிட்டு, இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டி, நிச்சயம் என்றும் உப்புச் சர்க்கரை என்றும் நா உலர விளக்கினார். அதிகாரி தஞ்சாவூர்க்காரர். அந்த வழக்கத்தை அவர் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் சர்க்கரை சர்க்கரைதானே?

"அய்யோ, இது அஸ்கா இல்லீங்க. சக்கரைங்க."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"ரேசன்ல போடற வெள்ளை அஸ்காங்க. எங்குளுக்குச் சக்கரைன்னா ஆலையாட்டி, பாவு காச்சி எடுக்கறதுங்க. வெல்லம். எங்க காட்டுக் கரும்புங்க."

விவரம் இவ்வளவுதான். கொங்கு வீடுகளில் சர்க்கரை என்றால் கருப்பஞ்சாற்றைக் காய்ச்சி எடுக்கிற பழுப்புச் சர்க்கரை. கட்டுப்பாட்டில் இருந்தது வெள்ளைச் சர்க்கரை. ஏசுரத்தினம் அகராதியைப் பார்த்து, சர்க்கரைக்கு நேரான இங்கிலீஷ் வார்த்தையை அடித்ததில் நேர்ந்த வினை.

அதிகாரி நேர்மையானவர். தப்பாக எழுதிய காகிதம் அடுத்த சாவடியில் இன்னொரு ஆளை அலைக்கழிக்கக்கூடாது என்று சிவப்புப் பேனாவை எடுத்தார். இரண்டு பிரதிகளிலும் சர்க்கரை என்ற வார்த்தை வந்த ஏழு இடங்களிலும் கோடு போட்டு, மேலே வெல்லம் என்று இங்கிலீஷில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். கடைசியில், 'பரிசோதிக்கப்பட்டது, ஆட்சேபணை இல்லை' என்ற சோதனைச் சாவடி ரப்பர் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

பத்திரம் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. திரும்பிப் போய்ப் புதிதாக அடித்து வர நேரமில்லை. சென்னியப்பன் அழாத குறையாகச் செங்கோட்டையன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். எதற்கு இந்தக் காகிதம் என்று கேட்டால் காலேஜுக்கு என்று சொல்லிவிடலாம் என வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். செங்கோட்டையன் கேட்கவேயில்லை. முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"எங்க காப்பியிலயும் இது இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

"நல்லதுதானுங்க," என்று இரண்டிலும் ஒப்புப் போட்டு, தன் பிரதியை அவசரமாக மடித்து உள்ளே கொடுத்தனுப்பினார். வெளியூர் போகிற சோலி இருக்கிறது என்று சொல்லிக் காப்பியோடு அனுப்பிவைத்துவிட்டார். அவர் எதையும் கேட்காதது சென்னியப்பனை இன்னும் அதிகமாகக் குத்தியது.

மெட்ராஸில் தூதரக வாசலுக்குள் காளிச்சாமியை மட்டும்தான் விட்டார்கள். சென்னியப்பன் வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, கேட்டைப் பார்த்தார். கேட்டருகே நின்ற காவலாளி சின்னையன், உள்ளே போனவர்கள் சிரித்துக்கொண்டு வந்தால் விசா, வேகமாக நடந்து வந்தால் இல்லை என்று தன் அனுபவத்தைச் சொல்லி ஆறுதல் கூறினான். அதன்பிறகு, வேகமாக நடந்து வந்த ஒவ்வொருவரையும் பார்த்துச் சென்னியப்பன் பெஞ்சை விட்டு எழுந்து, அது காளிச்சாமி இல்லை என்று கண்டு உட்கார்ந்தார்.

காளிச்சாமி சிரித்துக்கொண்டுதான் வந்தான்.

"குடுத்துட்டாங்கப்பா. பாஸ்போர்ட்ட மூணு மணிக்கு வந்து வாங்கிக்கச் சொன்னாங்க."

எழுந்து நின்ற சென்னியப்பன் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். பத்திரத்தைப் பார்த்து என்ன கேட்டார்கள் என்றார்.

உள்ளே இருந்த நாலைந்து கவுண்டர்களில் காளிச்சாமிக்கு வாய்த்த அதிகாரி, முதல் பக்கத்தில் ஒன்றும் புரியாமல் முழித்தாராம். பிறகு முத்திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழ் தெரிந்த குமாஸ்தாவைக் கேட்டாராம். குமாஸ்தா வார்த்தைக்கு வார்த்தை சொன்னார்: பரிசோதிக்கப்பட்டது, ஆட்சேபணை இல்லை. ஒரு நிச்சயதார்த்தத்தை அரசாங்கமே பரிசோதித்து, ஏழு இடத்தில் திருத்திக் கையெழுத்துப் போட்டிருக்கிறது என்றால் இந்தப் பையன் எங்கே தப்பித்துப் போவான் என்று அதிகாரி சொன்னாராம்.

காளிச்சாமி பத்திரத்தை அப்பா கையில் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டுக்கு ஓட்டல் எங்கே என்று பார்க்கப் போனான். இருபத்தோரு நாளுக்குப் பிறகு சென்னியப்பனுக்குப் பசித்தது. பசியோடு சேர்ந்து, ஊருக்குப் போனதும் செங்கோட்டையன் முகத்தில் எப்படி விழிப்பது என்ற நினைப்பும் வந்தது. யாரிடமாவது சொன்னால் தேவலை போலிருந்தது. அறிமுகமில்லாத ஆளிடம் சொல்வது சுலபம்.

"எம்பட பையன் அமெரிக்கா போறத அந்தப் பொண்ணூட்டுக்காரருகிட்டச் சொல்லவே இல்லீங்க," என்று சின்னையனிடம் பத்திரத்தை விரித்துக் காட்டினார். "அவரு கள்ளங்கபடு இல்லாத மனுசன். மாப்பிள்ளை ஊர்லயே இருப்பான்னு நம்பித்தான் இதுல ஒப்புப் போட்டுக் குடுத்தாருங்க. பாவமுங்க."

சின்னையன் குனிந்து, சிவப்பு மையையும் ரப்பர் முத்திரையையும் உற்றுப் பார்த்தான்.

"இதே காயிதத்தை நேத்து இதே பெஞ்சுல உக்காந்து பொள்ளாச்சிக்காரர் ஒருத்தர் காட்டினாரு பெரியவரே, மாப்பிள்ளை ஊர்லயே இருக்காரு, அதனால படிச்சு முடிச்சதும் எம் பொண்ணு திரும்பி வந்துடும்னு நம்பி அமெரிக்கா விசா குடுத்துட்டாங்க, இதைப் பாவம் அந்த மாப்பிள்ளை வீட்டுக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலன்னு அழுதுட்டுப் போனாரு."