நரேன் கொடுத்த ஆறு பாட்டில்

"விடு நரேன், விட்டுடு" என்று வித்யாலக்ஷ்மி கத்தினாள். நரேன் விடவில்லை.

மணிக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர் வேகத்தில் போகிற சைக்கிளிலிருந்து ஒரு கை நீண்டு தண்ணீர் பாட்டிலைப் பிடித்து இழுத்தால், சாலையோரம் நிற்பவன் செய்யவேண்டிய வேலை விடுவது ஒன்றுதான். ஆனால் நரேன் கிடர்பூரில் ஒரு சரக்குக் கப்பல் கம்பெனியில் பதினோரு வருடமாகக் கோப்புகளைக் கைமாற்றி வருகிறவன். எதிராளி வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடும்வரை ஒரு தாளைக்கூட விட்டுப் பழக்கமில்லை. எனவே பாட்டிலோடு அவனும் ஐந்தடி ஓடினான். ஆறாவது அடியில் பாட்டில் இரண்டு பேர் கையிலிருந்தும் நழுவிச் சாக்கடையில் விழுந்தது.

வித்யா திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். அவள் தோள்கள் இரண்டும் குலுங்குவது மட்டும் தூரத்திலிருந்து தெரிந்தது.

"அழறாம்மா" என்றான் நரேன்.

"அழாம என்னடா பண்ணுவா? தவிச்ச வாய்க்குத் தண்ணி கேட்டா, நீ இழுபறி பண்றே" என்றாள் அவன் அம்மா சுப்புலக்ஷ்மி. பாலிகஞ்சிலிருந்து மடக்கு நாற்காலியும், பிளாஸ்கும், இட்லி டப்பாவுமாக மருமகளின் பந்தயத்தைப் பார்க்க வந்திருந்தாள். கல்கத்தாவின் குளிருக்குப் பயந்து மகன் தலையில் ஒரு மங்கி கேப்பையும் மாட்டிவிட்டிருந்தாள்.

விஷயம் சாதாரணமானதல்ல. சால்ட் லேக்கைத் தாண்டிய அகலச் சாலையில் பெண்களுக்கான தேசிய சாலை சைக்கிள் போட்டி நடந்துகொண்டிருந்தது. பத்துச் சுற்று. முதலில் வருகிறவள் ஒரு வருடத்துக்கு தேசிய சாம்பியன். மூவர்ணப் பட்டை போட்ட ஜெர்சி ஒன்று கொடுப்பார்கள். அந்த வருடம் முழுவதும் எந்த ஊர்ச் சாலைப் பந்தயத்துக்குப் போனாலும் அவள் அதைத்தான் போட்டுக்கொள்வாள். இருநூறு பேர் நடுவிலும் சாம்பியன் யாரென்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

வித்யா அந்த ஜெர்சிக்கு இரண்டு முறை கிட்டத்தில் போய்வந்தவள். இரண்டு முறையும் இரண்டாம் இடம். காலில் பலம் இருக்கும், மூச்சும் சீராக இருக்கும். கடைசிச் சுற்றில் மட்டும் என்னவோ ஆகிவிடும். போன வருடம் வீட்டுக்கு வந்து மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. அந்த மூன்று நாளும் நரேன் ஆபீசில் ஒரு வரி ஒழுங்காக எழுதவில்லை.

போன வாரம்தான் அவள் சொன்னாள். "நரேன், இந்தத் தடவை எனக்கு பாட்டில் நீதான் கொடுக்கணும்."

நரேனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சாலைப் பந்தயத்தில் யாரும் இறங்கித் தண்ணீர் குடிப்பதில்லை. சுண்ணாம்புக் கோடு போட்ட முந்நூறு மீட்டர் இடத்தில் டீம் ஆட்கள் பாட்டிலை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஓட்டுகிறவர்கள் போகிற போக்கில் பறித்துக்கொள்வார்கள். அதுவும் மூன்றாம் சுற்றிலிருந்து எட்டாம் சுற்றுவரைதான் அனுமதி. ஆறு சுற்று, ஆறு பாட்டில். ஒரு வாரமாக மொட்டை மாடியில் நரேன் பயிற்சி எடுத்தான். அம்மா வேகமாக நடந்து வருவாள். இவன் பித்தளை டம்ளரை நீட்டுவான். அம்மா ஒருமுறைகூடத் தவறவிடவில்லை.

நான்காம் சுற்று வந்தது. இந்த முறை விட்டுவிடவேண்டும் என்று நரேன் மனதுக்குள் சொல்லிக்கொண்டான். கூட்டமாக வந்தார்கள். எல்லோர் தலையிலும் ஹெல்மெட், எல்லோர் கண்ணிலும் கறுப்புக் கண்ணாடி. ஒரு கை நீண்டது. நரேன் விட்டான். அற்புதமாக விட்டான்.

"தாங்க்யூ பையா" என்றபடி ஒரு மகாராஷ்டிரக்காரி பாட்டிலோடு பறந்தாள்.

அவளுக்குப் பின்னால் வெறுங்கையை நீட்டிக்கொண்டு வித்யா போனாள். மறுபடி தோள் குலுங்கியது.

"யாருக்குடா குடுத்தே?"

"கை நீட்டினாம்மா. எப்படி இல்லேன்னு சொல்றது?"

இதைக் கேட்டு சுப்புலக்ஷ்மியால் கோபித்துக்கொள்ள முடியவில்லை. கை நீட்டியவரை வெறுமனே அனுப்பாத பிள்ளையாக வளர்த்தது அவள்தானே. "போறது விடு. நீ எங்கே நிக்கறேன்னு அவளுக்குத் தெரியலை. நான் பார்த்துக்கறேன்" என்று எழுந்தாள்.

அவள் பார்த்துக்கொண்ட விதம் இது. தன் சிவப்புச் சால்வையை எடுத்தாள். குடையின் நுனியில் கட்டினாள். ஐந்தாம் சுற்றில் முன்னால் வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டதும் சாலையின் ஓரத்துக்கு வந்து, தேர் இழுக்கிற உற்சாகத்தோடு வீசினாள்.

பந்தயத்தில் சிவப்புக் கொடிக்கு ஓர் அர்த்தம் உண்டு. மோட்டார் சைக்கிளில் இருந்த நடுவர் சடாரென்று பிரேக் போட்டார். பின்னால் வந்த கூட்டம் இரண்டாகப் பிரிந்து அவரைச் சுற்றிக்கொண்டு ஓடியது. யாரும் விழாதது கடவுள் புண்ணியம். வித்யா அந்தப் பக்கமாகப் போய்விட்டாள். நரேனுக்கும் அவளுக்கும் நடுவில் நடுவர்.

"மாஷிமா, ஆபத்து எங்கே?" என்று நடுவர் சித்தி முறை வைத்து அழைத்து வங்காளியில் கேட்டார்.

"ஆபத்தெல்லாம் ஒண்ணும் இல்லேப்பா, எங்காத்து மாட்டுப்பொண்ணு வரா" என்று தமிழில் சொல்லிவிட்டு, அதையே வங்காளியிலும் சொன்னாள் சுப்புலக்ஷ்மி.

நடுவர் குடையையும் சால்வையையும் பார்த்தார். பிறகு நரேனிடம் திரும்பினார். "பதினான்காம் எண்ணின் ஆள்தானே நீங்கள்? இன்னொரு முறை இப்படி நடந்தால் பதினான்காம் எண்ணைப் பந்தயத்திலிருந்தே எடுத்துவிடுவேன்."

நரேன் கையெடுத்துக் கும்பிட்டான். சுப்புலக்ஷ்மியோ, "பாவம், தொண்டை வறண்டிருக்கு அவருக்கு" என்று மூன்றாவது பாட்டிலை எடுத்து நடுவர் கையில் கொடுத்துவிட்டாள். அவர் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

மீதி மூன்று பாட்டில். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் வித்யா தன்னிடம் கேட்டது இந்த ஒன்றுதான் என்று நரேன் நினைத்துக்கொண்டான். நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. தண்ணீர் கேட்டாள். அதைக்கூடக் கொடுக்கத் துப்பில்லை. அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

ஆறாம் சுற்றில் அவன் வேறு ஆளாக நின்றான். பார்வை நேராக, கை நேராக, இரண்டே விரலில் பாட்டில். பதினான்கு என்ற அவள் எண்ணைத் தூரத்திலேயே கண்டுபிடித்தான். வித்யா வந்தாள். கை நீண்டது. பாட்டில் போனது.

"வாங்கிண்டுட்டாம்மா" என்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

"என் கொழந்தை" என்று நெட்டி முறித்தாள் சுப்புலக்ஷ்மி. பிறகு பையைத் திறந்தவள் அப்படியே நின்றாள். "ஏண்டா, நீல மூடி போட்ட பாட்டில் எங்கே?"

"அதைத்தான் குடுத்தேன்."

"அதுல மிளகு ரசம்னா இருக்கு."

நரேன் பையைப் பிடுங்கித் துழாவினான்.

"அவளுக்கு ரெண்டு நாளா தொண்டை கட்டிண்டிருக்கேன்னு ஆறுல ஒண்ணுல ஊத்தி வெச்சேண்டா. ஜெயிச்சப்புறம் குடிக்கட்டும்னு. மிளகு கொஞ்சம் தூக்கலாவே போட்டிருக்கேன்."

நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், மூச்சு வாங்கும்போது, ஒரு மடக்கு மிளகு ரசம். நரேனுக்கு எழுதி வைத்ததுபோல் எல்லாம் கண்முன்னால் ஓடியது: புரையேறுவது, தடுமாறுவது, விழுவது. அடுத்த சுற்றுக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு பிஸ்கெட் அட்டைப்பெட்டியையும் அடுப்புக்கரித் துண்டையும் வாங்கிவந்தான். சுப்புலக்ஷ்மி அட்டையைப் பிரித்து, முழம் முழமாக எழுத்து வைத்து எழுதினாள்: ரசம். குடிக்காதே.

"இங்கிலீஷ்ல எழுதப்படாதா?"

"மத்தவாளுக்குத் தெரியப்படாதுடா. நம்ம டீம் ரகசியம்."

ரகசியம் நன்றாகவே காப்பாற்றப்பட்டது. வித்யா பிறந்ததும் படித்ததும் கல்கத்தாவில். தமிழ் பேசுவாள், பாடுவாள், தமிழில் சண்டையும் போடுவாள். படிப்பதென்றால் மட்டும் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டவேண்டும். ஏழாம் சுற்றில் நரேன் இரண்டு கையாலும் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் அவனைத் தாண்டிப் போன பிறகும் கழுத்தைத் திருப்பிக் கூட்டிப் படித்துக்கொண்டே போனாள். அவள் "கு" வரைக்கும் வந்திருக்கலாம். அந்த நேரம் பார்த்து மூன்று பேர் கூட்டத்தை விட்டுப் பிய்த்துக்கொண்டு முன்னால் பாய்ந்தார்கள். அதில் ஒருத்தி அந்த மகாராஷ்டிரக்காரி. நரேன் கொடுத்த பாட்டில் அவள் சைக்கிளில் இன்னும் பத்திரமாக இருந்தது.

"முடிஞ்சுது" என்றான் நரேன்.

"இன்னும் ரெண்டு பாட்டில் இருக்கேடா."

எட்டாம் சுற்று, கடைசி வாய்ப்பு. கைக்கு ஒரு பாட்டிலாக எடுத்துக்கொண்டான். நின்ற இடத்தில் நின்று கொடுத்தால்தானே தப்பாகிறது, கூடவே ஓடிக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. அது அன்றைக்கு அவனுக்குத் தோன்றியதிலேயே மோசமான யோசனை. வித்யா நெருங்கியதும் ஓட ஆரம்பித்தான். பத்தாவது அடியில் மங்கி கேப் நழுவி இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டது. பாட்டிலை விடாமல் கேப்பை எப்படித் தூக்குவது என்று அவன் முடிவெடுப்பதற்குள் எதன்மேலோ போய் மோதினான். கேப்பை விலக்கியபோது, காரப்பொரி கலந்து விற்கிற ஜால்முடிக்காரர் ஒருவர் மடியில் உட்கார்ந்திருந்தான். சாலையோரம் முழுக்கப் பொரி. ஒரு பாட்டில் கடுகெண்ணெய் டப்பாவுக்குள் தலைகீழாக நின்றது. இன்னொன்றை ஜால்முடிக்காரர் தன் கையில் பிடித்திருந்தார்.

அப்போதுகூட வித்யாவின் முதுகைத்தான் தேடினான். வளைவில் திரும்பிக்கொண்டிருந்தாள். கைப்பிடியின்மேல் கவிழ்ந்து, உடம்பு முழுவதும் குலுங்கிக்கொண்டிருந்தது.

கடைசி இரண்டு சுற்றில் யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது. நரேன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தான். சுப்புலக்ஷ்மி அவன் சட்டையில் ஒட்டிய பொரிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"அவ மூஞ்சியை எப்படிம்மா பார்ப்பேன்?"

"கோவிச்சுப்பா. அப்புறம் சரியாயிடும்" என்றாள். அவளுக்கே அதில் நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

ஒலிபெருக்கி வங்காளியில் கரகரத்தது. முன்னால் போன மூன்று பேரை யாரோ எட்டிப் பிடித்துவிட்டார்களாம். கடைசி ஐந்நூறு மீட்டர். நான்கு பேர். பிறகு இரண்டு பேர். பிறகு ஒரே கூச்சல், அதன் நடுவில் ஒரு பெயர். நரேன் எழுந்துவிட்டான்.

"யார் பேரைச் சொன்னான்?"

"நம்ம வித்யா பேருடா" என்றாள் சுப்புலக்ஷ்மி. அதற்குள் பாதி தூரம் ஓடியிருந்தாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வித்யா மேடையில் நின்றாள். மூவர்ணப் பட்டை போட்ட ஜெர்சி அவளுக்குக் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. உலகத்திலேயே அதைவிடப் பொருத்தமான சட்டையை நரேன் பார்த்ததில்லை. இறங்கி வந்தவள் முதல் வேலையாக மாமியாரைக் கட்டிக்கொண்டாள். பிறகு நரேனின் தலைமுடியிலிருந்து ஒரு வேர்க்கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"வித்யா, நான் வந்து..." என்று ஆரம்பித்தான் நரேன். அதற்குள் போட்டோ எடுக்கிறவர்கள் அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் போகிற வழியெல்லாம் அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மேடைக்குப் பின்னால் டீமின் மெக்கானிக் சிவலிங்கம் சக்கரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். கிடர்பூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரன். நரேனின் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, ஜெயிச்ச வீட்டு ஆளு இப்படி நிக்கீங்க?" என்றான்.

நரேன் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். சாக்கடை, மகாராஷ்டிரக்காரி, சால்வை, ரசம், அட்டை, ஜால்முடி. "ஆறு பாட்டில்ல ஒரு சொட்டுத் தண்ணி அவ வாய்க்குப் போகலை சிவலிங்கம். ஒவ்வொரு சுத்துலயும் அழவெச்சு அனுப்பியிருக்கேன். எப்படி ஜெயிச்சான்னே எனக்குப் புரியலை."

சிவலிங்கம் காலி பாட்டில்கள் நிறைந்த பையை வண்டிக்குள் தூக்கிப் போட்டுவிட்டுச் சொன்னான்:

"தண்ணியெல்லாம் கோடு முடியுத இடத்துல, வளைவுக்கு அந்தப் பக்கம் நின்னு நான் குடுத்துட்டேன்ணே, அக்காவுக்குக் கடைசிச் சுத்துல பயந்து ஒடம்பு இறுகிப் போயிருது, அதனால ஒவ்வொரு சுத்துலயும் தன்னைச் சிரிக்க வச்சு அனுப்ப ஒரு ஆளு வேணும்னுதான் அக்கா உங்களை அங்கன நிக்க வச்சாவ."