சரி, சரி, பின்னுக்கு வாங்க

பின்னுக்கு எடுப்பிப்பவர் என்றொரு இனம் உண்டு. இனத்துக்கு இனம் சண்டை நடந்த அந்த வருடங்களில்கூட எல்லா இனத்திலும் குறைவில்லாமல் இருந்த இனம் அது ஒன்றுதான்.

எங்கேயாவது ஒரு கார் பின்னுக்கு நகர்ந்தால் போதும், குடித்துக்கொண்டிருந்த பிளேன்டீயை அப்படியே வைத்துவிட்டு, சாரத்தை உயர்த்திக் கட்டி, ஓடிவந்து டிக்கிக்குப் பின்னால் நின்று, இரண்டு கையையும் வீசி, “வாங்க, வாங்க, இன்னும் இடமிருக்கு” என்பார். அவரை யார் கூப்பிட்டது? கார் ஓட்டத் தெரியுமா? தெரியாது.

புத்தளத்து உப்பு வியாபாரி பதியுதீன் இவர்களில் முதல்தரம். “சரி, சரி” என்றால் வர வேண்டும். ஒற்றைச் “சரி” என்றால் நிற்க வேண்டும். இந்த வித்தியாசம் விளங்காமல் ஊரில் பல மதில்கள் விழுந்திருக்கின்றன.

அவருடைய பக்கத்து வீட்டு ஜபார் நானாவிடம் ஒரு பழைய மொரிஸ் இருந்தது. கார் அசையாமல் நின்ற பிறகுதான் ரிவர்ஸ் போட வேண்டும், உருளும்போது போட்டால் கியர்ப் பல் போய்விடும், யுத்த காலத்தில் வேறு பல்லுக்கு எங்கே போவது என்று நானா ஓயாமல் சொல்வார்.

நானாவின் மகன் நூஹுவுக்குக் கண்டக்குழியில் நிக்காஹ். பொழுதுபட்டால் ஆமி பாதையை மூடிவிடும். கண்டக்குழிக்குக் கிட்டச் சோதனைச் சாவடியில் காரை மறித்தார்கள். மாப்பிள்ளையோடு வந்த பதியுதீன் இறங்கி, பழக்கதோஷத்தில் டிக்கிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஆமிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “ஹரி, ஹரி” என்று கையசைத்தார். சிங்களத்தில் ‘சரி, சரி’; போகலாம் என்று அர்த்தம். நானா காரை முன்னுக்கு எடுத்தார்.

“சரி, சரி, பின்னுக்கு வாங்க!” பதியுதீன் டிக்கியில் படபடவென்று தட்டினார்.

சாவடியில் யார் சொல்லுக்குத்தான் மறுப்புச் சொல்ல முடியும்? பதறிய நானா, உருளும் காரில் ரிவர்ஸைப் போட்டார். கறக் என்றது. கியர் ரிவர்ஸிலேயே இறுகிவிட்டது. அந்த மொரிஸை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

“என்னத்துக்குடா கத்தின?”

“ஆமிக்காரர்தானே நானா, ஹரி ஹரி எண்டார்?”

“அது போகச் சொன்னது.”

பதியுதீன் கொஞ்சம் யோசித்தார். “பின்னுக்குப் போகும்தானே?”

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வேறு வழி? ஆமிக்காரர்கள் சிரித்துச் சிரித்துக் காரைத் தள்ளி, டிக்கி ஊர்ப்பக்கம் பார்க்கத் திருப்பிவிட்டார்கள். நானா கழுத்தை முறுக்கிக்கொண்டு ஓட்ட, பதியுதீன் கையாட்டியபடி வழிகாட்டி நடக்க, மாப்பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு கண்டக்குழிக்குள் நுழைந்தார். பெண்வீட்டார் அத்தனை பேரும் வாசலுக்கு வந்து, இரண்டு கையையும் நீட்டி, “வாங்க, வாங்க” என்றார்கள். அது வரவேற்பா, ரிவர்ஸா என்று தெரியாமல் நானா வந்துகொண்டே இருந்தார். பந்தலின் முதல் கால் சாய்ந்த பிறகுதான் பதியுதீன் ஒற்றைச் “சரி” சொன்னார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறீர்களா? நல்லது. அப்படியென்றால் அந்தப் பந்தல் கால் வருமுன்னே, காரை நிறுத்த, உங்கள் வலது கை ஏன் மேலே போனது?