எங்கள் தில்டாவுக்கு ஒரு சின்ன விஷயம் இருக்கிறது

சில்கபோர்க்,
நவம்பர் 14

மதிப்பும் பாசமும் நிறைந்த பூடில் அக்காவுக்கு, தம்பி பிரேபன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் லோனேயும் மகள் தில்டாவும் மழையைத் தவிர வேறொரு குறையுமின்றி இருக்கிறோம். அங்கு உன் சுகத்தையும் அத்தானின் முழங்கால் சுகத்தையும் அறிய ஆவல்.

நிற்க. பள்ளிக்கூட உளவியலாளர் அம்மா தில்டாவைச் சோதித்துப் பார்த்ததைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? எட்டு வயசுப் பிள்ளைக்கு மூளை பதினாலு வயசாம், மனசு மட்டும் எட்டுதானாம், சில நாள் அஞ்சாம். “அறிவை அவளே பாத்துப்பா, அதுக்கு நீங்க மெனக்கெட வேணாம். தோத்தா தாங்கிக்கப் பழக்குங்க. மனசுல என்ன படுதோ அதைப் பேர் சொல்லிக் கேளுங்க. ஒரே ஒரு சிநேகிதம் கிடைச்சாலும் போதும், பிள்ளை பிழைச்சுக்கும்”னாங்க. அந்த ஒண்ணுக்குத்தான் அக்கா நாங்க தவங்கிடக்குறோம். விளையாட்டுக் குழு வழக்கம் உனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துல நாலு நாலு பிள்ளைங்களாப் பிரிச்சு, பழகட்டும்னு முறை வெச்சு ஒவ்வொரு வீட்டுக்கா அனுப்புவாங்க. பெர்டில் வீட்டுக்குப் போனவ மூணு மணி நேரம் அவங்க வீட்டு வெந்நீர்க் கொதிகலன் கையேட்டைப் படிச்சிட்டு வந்தா. ஊனா வீட்டுல, “உன் வெள்ளெலி இன்னும் ஏழு மாசம் இருந்தா பெரிசு”ன்னு கணக்குப் போட்டுச் சொல்லி, ஊனா அழுது, ஊனா அம்மா அழுது, ஒரே ரகளை. அன்னைக்கு வீட்டுக்கு வந்து, “நான் பேச ஆரம்பிச்சா எல்லாரும் வேற எங்கேயாவது போயிடறாங்கப்பா”ன்னா.

இந்த வியாழக்கிழமை எங்க வீட்டு முறை. மத்த பெத்தவங்க காதுல முன்கூட்டியே போட்டு வைங்கன்னு லோனே சொன்னா. ஆனா தற்பெருமைன்னாலே முகம் சுளிக்கிற நம்ம ஊர்ல, ‘என் பொண்ணு மகா கெட்டிக்காரி’ன்னு எழுதிட்டு மறுநாள் ரொட்டிக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியுமா? நீயே சொல்லு. அடக்கமா, “தில்டாவுக்கு ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. டாக்டர் மாதிரி ஒருவர் உறுதி செய்துவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை, தொற்றாது”ன்னு நாலே வரி அனுப்பினேன். நான் என்னத்தைக் கண்டேன்! வியாழக்கிழமை மூணு பிள்ளைங்களும் ஆளுக்கொரு பூங்கொத்தோட வந்து நிக்கிது. ஊனா கையில ஒரு பானை சூப்பு வேற. ஹால்ஃப்தான்னு ஒரு பையன், தில்டா முகத்துக்கு நேரா குனிஞ்சு, சத்தமா, மெதுவா, “தில்-டா. இது. பன். வெண்ணெய். தடவி. சாப்பிடணும்”ங்கிறான். தில்டா என்னைப் பாக்குறா. நான் சன்னலைப் பாக்குறேன்.

“ஏன்டா இப்படிப் பேசற?”ன்னா தில்டா.

“உனக்கு என்னமோ இருக்காமே. எங்கம்மா சொன்னாங்க, பக்குவமா நடந்துக்கணுமாம்.”

போச்சுடா, இப்ப மூளையைப் பத்தி அரை மணி நேரம் பாடம் எடுக்கப் போறாளேன்னு எனக்குப் பதறுது. இவ அந்தப் பன்னை வாங்கித் தட்டுல வெச்சா. “ஆமா, இருக்கு. தோத்துட்டா எனக்கு அழுகை வந்துடும். நிறுத்தத் தெரியாது.”

“அட, இவ்வளவுதானா! எனக்கு நாய் குரைச்சாலே வரும்”னான் ஹால்ஃப்தான்.

அதோட விட்டிருக்கலாம். நான் விட்டேனா? தோக்கப் பழக்கணுமேன்னு லூடோ பலகையை விரிச்சு நானும் உக்காந்தேன். நடுவுல பெர்டில் நெளிஞ்சான். மனசைப் பேர் சொல்லிக் கேக்கணுமே! “நீ இப்போ தவிப்பா உணர்றியாப்பா?”ன்னேன். “ஆமா அங்கிள், கழிவறை எங்க?”ன்னான். தில்டா ஜெயிக்கிற மாதிரி இருந்தா. அவ தோக்கணுமேங்கிற நல்லெண்ணத்துல ஹால்ஃப்தான் காயை யாருக்கும் தெரியாம ரெண்டு கட்டம் தள்ளி வெச்சேன். ஹால்ஃப்தானே பாத்துட்டான்! “தில்டா, உங்கப்பா அழுகுணி ஆட்டம் ஆடுறாரு!”

“யாரு, நானா? அம்பது வயசு ஆளைப் பாத்து...”ன்னு எழுந்தேன் பாரு, முழங்கால் தட்டி பலகை கவுந்து, காயெல்லாம் சூப்புப் பானைக்குள்ள. கோவிச்சுக்கிட்டு சைக்கிள் கொட்டகையில போய் நின்னுட்டேன். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். நாலு பேர் சிரிப்பு. அதுல ஒண்ணு எங்க தில்டாவோடது, அக்கா. வீட்டுக்குள்ள அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாச்சு! அங்கேயே நின்னு அழுதேன், வெக்கமில்லாமச் சொல்றேன்.

ஆக, உளவியலாளர் சொன்னதை நான் முறைப்படி செய்ததாலேயே காரியம் கைகூடியது. தற்பெருமை என்று நினைக்காதே, பெற்றவன் பக்கத்திலேயே இருந்து வழிநடத்தினால் எந்தப் பிள்ளையும் நாலு பேரோடு ஒட்டிக்கொள்ளும். உனக்கு நீண்ட ஆயுளும், அத்தானுக்கு மடங்குகிற முழங்காலும் ஆண்டவன் அருளட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி
பிரேபன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும்போது ஹால்ஃப்தான் அம்மா கூப்பிட்டாங்க. அடுத்த வியாழனும் எங்க வீட்டுக்கே வரணும்னு மூணு பிள்ளைங்களும் ஒத்தைக்கால்ல நிக்கிதாம். ஒரே ஒரு நிபந்தனையாம், அதை தில்டாவே சொல்லுவாளாம். அவ என்னைத் தனியாக் கூப்பிட்டு, தோள்ல கை வெச்சு, “நீங்க கெட்டவர் இல்லப்பா, நாலு பேரோட பழகத்தான் உங்களுக்குக் கொஞ்ச நாளாகும்”னா. அதனால வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு உன் வீட்டுக்கு வந்துடறேன். அஞ்சு மணிக்கு முன்னால என்னை அனுப்பிடாதே.