தாராக் கிளாக்கரின் திருப்பாதங்கள்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்துபோன கப்பற்காரர்களில் ஒருவருடைய முகத்தைக்கூடத் தாராக் கிளாக்கருக்குத் தெரியாது. கால்களைக் கேட்டால் நாடு, கப்பல், சப்பாத்தின் அளவு எல்லாவற்றையும் ஒப்புவிப்பார். மனிதர்களுக்குக் கணுக்காலுக்கு மேலேயும் உடம்பு இருக்கிறது என்பதை அவர் நம்பினாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

நான் அந்தத் துறைமுகக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், புதுச் சப்பாத்தும் தானுமாக அவர் மேசைக்கு முன்னால் போய் வணக்கம் சொன்னேன். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"தம்பி, கழட்டும் பாப்பம்."

"எதை ஐயா?"

"சப்பாத்தைத்தான். பின்னே என்ன, தலையையே?"

கழற்றினேன். மணிக்கட்டு வரைக்கும் கையை உள்ளே விட்டுத் துழாவினார். பிறகு தன் காலை நுழைத்துப் பார்த்தார். பாதி தூரத்தில் அது சிக்கிக்கொண்டது. இழுத்து எடுக்க இரண்டு பியோன்கள் வரவேண்டியிருந்தது. "சாமான் நல்லது. என்ர காலுக்கு ஏலாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கப்பலிலிருந்து இறங்கும் கோதுமை மாச் சாக்கு எண்ணுவதற்கு ஜெற்றிக்குப் போய்விட்டார். நான் வெறுங்காலோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அவர் கால்களைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். பாதங்கள் இரண்டும் தட்டை. நனைந்த காலோடு சீமெந்தில் நடந்தால் முழுப் பாதமும் ஒட்டிவிட்டுப் போகும். பெருவிரல்களின் அடியில் எலும்பு பாக்குக்காயளவு புடைத்து நிற்கும். இடது கால் வலது காலை விடப் பெரியது. குதிக்கால் நோவுக்காகப் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து தாரா மாதிரி நடப்பார். வாத்தை எங்கள் பக்கத்தில் தாரா என்றுதான் சொல்வோம். அந்த நடைக்கு வேறு பெயர் வைத்திருக்க முடியாது.

அதுவோ வெளிநாட்டுச் சாமான் கண்ணால் காணக் கிடைக்காத காலம். கடைகளில் இருந்த சப்பாத்துகள் எல்லாம் நேரான, யோக்கியமான கால்களுக்குச் செய்தவை. அதனால் மனிதர் கப்பல்களையே நம்பியிருந்தார். ஒருமுறை ஒரு கிரேக்கக் கப்பலில் ஏறியவர், அதிகாரி ஒருவரின் சப்பாத்து அகலமாக இருப்பதைக் கண்டதும் அப்படியே குனிந்து அதன் நுனியைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். இது இந்த நாட்டு மரியாதை என்று நினைத்த அந்த அதிகாரி கண் கலங்கிப்போய், தானும் குனிந்து நம்மவரின் காலைத் தொட்டார். தொட்டது சரியாக அந்த எலும்பில். "ஐயோ அம்மா!" என்று எழுந்த அலறலில் மாலுமிகள் உயிர்காப்புப் படகை நோக்கி ஓடினார்கள்.

பெரியாஸ்பத்திரித் தாதிமாரின் வெள்ளைச் சப்பாத்து மெத்தென்று இருக்கும் என்று யாரோ சொல்லிவிட, மறுநாளே அதையும் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு பெண்பிள்ளையின் சப்பாத்து அவர் காலுக்கு எப்படிக் காணும்? குதிக்கால் பக்கத்தை அறுத்து எறிந்திருந்தார். கந்தோரே கண்ணைப் பொத்திக்கொண்டது.

இப்படிச் சிரிப்பும் அதிர்ச்சியுமாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து மாற்றலாகி ஒரு புது மேலதிகாரி வந்தார். வந்த அன்றே ஜெற்றியில் நம்மவர் வெறுங்காலோடு கயிறு கட்டும் இரும்புக் கட்டையில் குந்தியிருந்து கால் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார். உத்தரவு பறந்தது. வருகிற மாதம் முதலாந் திகதி தாராக் கிளாக்கர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஜெற்றியின் கடைசி அந்தம் வரைக்கும் நொண்டாமல் நடந்து காட்டவேண்டும். முடியாவிட்டால் இனிப் பின்பக்கத்து உக்கிராண அறையில்தான் வேலை. அந்த அறைக்கு ஒரு யன்னல்கூடக் கிடையாது.

அன்றைக்கு அவர் மத்தியானச் சோற்றுப் பொதியை அவிழ்க்கவில்லை.

"பெண்சாதி போனாப் பிறகு எனக்கு இந்த ஜெற்றிதான் தம்பி வீடு. உந்த அறைக்குள்ள போட்டினமெண்டா நான் ஒரு மாசம் இருக்கமாட்டன்" என்றார்.

அவர் பகிடி விடாமல் பேசியதை நான் அதுவரை கேட்டதில்லை.

மாலையில் அவரைச் சந்தைப் பக்கத்தில் சப்பாத்துத் தைக்கும் நானாவிடம் கூட்டிப்போனேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் நானா என்போம்; இவர் கிண்ணியாக்காரர். கால்களைப் பார்த்துவிட்டு நெடுநேரம் தாடியைத் தடவினார்.

"கிளாக்கர், இதுக்கு என்னட்ட இரிக்கிற அச்சொண்டும் சரிவராது. இந்தக் காலையே அச்சாச் செஞ்சு கொண்டாங்க. அதுக்கு மேல தோலை இழுத்துத் தைச்சித் தாறன்."

அச்சு வார்க்க யார்? கிறிஸ்தவக் கோயில்களுக்குச் சுருவச் சிலை செய்யும் வேதக்காரர் ஒருவர் எங்கள் கந்தோருக்குப் பக்கத்தில் இருந்தார். மாதா சுருவமும் அந்தோனியார் சுருவமும் செய்து பழகிய கை. சனிக்கிழமை தாராக் கிளாக்கரின் கால்களில் களிம்பு பூசி, சாந்து அப்பி, அச்செடுத்து, வெள்ளை வெளேரென்று இரண்டு பாதங்களை வார்த்தார். பழக்கதோசத்தில் நகங்களுக்கு மெல்லிய ரோசா நிறமும் தீட்டிவிட்டார். காயட்டும் என்று நாங்கள் அவற்றைக் கந்தோர் வளவு அரச மரத்தடியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். அரச மரத்தடியில் இரண்டு பாதங்களை வைத்தால் என்ன நடக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் யோசனை ஓடவில்லை.

திங்கட்கிழமை காலை வளவுக்குள் கால்வைக்க இடமில்லை. பாதங்களுக்கு மேலே நித்தியகல்யாணியும் செவ்வரத்தையும் குவிந்திருந்தன. சிங்களத் தொழிலாளிகள் புத்தருக்கு வைக்கும் வெள்ளை அரலிப் பூவைத் தட்டில் வைத்துக் கும்பிட்டார்கள். நகத்து ரோசா நிறத்தைக் கண்ட வேதக்காரத் தொழிலாளி ஒருவர் மெழுகுதிரி கொளுத்தியிருந்தார். சல்லிக் கிராமத்திலிருந்து மீன் கொண்டுவரும் ஒரு அம்மா கடகத்தை இறக்கி வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆரோ சித்தர் வந்து நிண்டிருக்கிறார். உந்த எலும்பைப் பாருங்கோ, தவமிருந்து தவமிருந்து புடைச்சிருக்கு!"

தாராக் கிளாக்கர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனார்.

"என்ன விசர்க் கதை கதைக்கிறியள்? அது என்ர கால்!"

"பெரியவர், அபச்சாரமாக் கதையாதேங்கோ. வாய் புழுக்கும்" என்றார் மீன்கார அம்மா.

மனிதருக்குக் கோபம் தலைக்கேறியது. காற்சட்டையை உயர்த்தி, தன் இடது காலை அந்த வெள்ளைப் பாதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். எலும்புக்கு எலும்பு, விரலுக்கு விரல். கூட்டம் குனிந்து குனிந்து பார்த்தது. உண்மை வெளியாகிவிட்டது, இனிக் கலைந்து போவார்கள் என்று நான் நினைத்தேன்.

"ஐயோ சாமி! நீங்களே வந்திட்டியளோ!" என்று அந்த அம்மா நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தார். பின்னாலே நின்ற அத்தனை பேரும் விழுந்தார்கள். தாராக் கிளாக்கர் இரண்டு பாதங்களையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சந்தைப் பக்கம் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒருதரம்தான்.

நானாவின் கடைக்கு அவருக்கு முன்னமே செய்தி போயிருந்தது.

"எனக்கு ஏலா கிளாக்கர். மூணு சமயத்து ஆக்களும் கும்பிட்ட சாமான். அதில நான் ஆணி அடிச்சா நாளைக்கு ஊரு என்ன சொல்லும்? கோவிக்காதீங்க."

"நானா, நாளண்டைக்கு முதலாந் திகதி! என்னைக் கொண்டுபோய் இருட்டுக்குள்ள அடைக்கப்போகினம்!"

நானா அந்தப் பாதங்களைப் பார்த்தார். பிறகு நம்மவரின் முகத்தைப் பார்த்தார். கதவுப் பலகையைப் பாதி சாத்தினார்.

"அப்ப ஒரு வழிதான். உங்கட சொந்தக் காலைத் தாங்க. அதை ஒருத்தரும் பூப்போட்டுக் கும்பிடல்லதானே?"

அன்றும் மறுநாளும் லீவு போட்டுவிட்டு, தாராக் கிளாக்கர் நானாவின் முக்காலியில் அச்சாக இருந்தார். ஈரத்தோலைக் காலில் சுற்றி இழுத்து, ஊசி குத்தாமல் பார்த்துப் பார்த்துத் தைத்தார் நானா. அப்படியும் குத்தியது. குத்தும்போதெல்லாம் இவர் அலற, அவர் மன்னிப்புக் கேட்க, சந்தைக்கு வந்த சனம் உள்ளே பல் பிடுங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனது.

முதலாந் திகதி அவர் காலில் கிடந்ததைப் பார்த்த மேலதிகாரி இரண்டடி பின்னுக்குப் போனார்.

"இதென்ன?"

"சப்பாத்து, சேர்."

இரண்டும் இரண்டு அளவு. பக்கத்தில் எலும்புக்கென்று ஒவ்வொரு வீக்கம். அடியில் கார் டயர். அவ்வளவு அவலட்சணமான ஒரு பொருளை அந்தத் துறைமுகம் அதுவரை ஏற்றியதுமில்லை, இறக்கியதுமில்லை.

அவர் நடந்தார். யன்னல்களில் தொங்கிக்கொண்டு நாங்கள் பார்த்தோம். சாயவில்லை. நொண்டவில்லை. தாரா எங்கே போனதென்றே தெரியவில்லை. பாதி தூரத்திலேயே மேலதிகாரி, "சரி, இவர் இங்கேயே இருக்கட்டும். கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டார். ஆனால் ஆள் ஜெற்றியின் அந்தத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டார். கூப்பிட்டும் திரும்பவில்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. விழுந்தடித்து ஓடினேன்.

"ஐயா, காலே? நோகுதே? உங்களை இஞ்சையே இருக்கட்டாம்!"

அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. தலையை நிமிர்த்தி, துறைமுகத்துக்கு அப்பால் பார்த்துக்கொண்டு நின்றார். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, எந்தக் கல்லில கால் வைக்கிறது எண்டு கீழ பாத்துப் பாத்துத்தான் நான் இவ்வளவு காலமும் இதில நடந்தனான். உந்த மலையெல்லாம் எப்பவும் உதிலதான் நிண்டதே?"

"ஓம் ஐயா" என்றேன்.

அங்கே மேலதிகாரி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனாலும், வாருங்கள் போவோம் என்று கிளாக்கரைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.