குதிகால் வலியும் அக்கா அனுப்பிய மின்பெட்டியும்

பேரன்பும் பெருமதிப்பும் உடைய அக்கா எவ்லம்பியாவுக்கு, கவாலாவிலிருந்து தம்பி ஸ்தெர்யோஸ் பணிவுடன் எழுதுவது. நானும் என் வீட்டுக்காரி டோம்னாவும் நலம். லாரிசா நகரத்து வெயிலில் நீயும் அத்தானும் வாடாமலிருக்க மாதா அருளட்டும்.

வலி மரக்க நீ அனுப்பிய மின்தூண்டல் பெட்டி வந்து சேர்ந்தது. என் குதிகாலைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் ஆணி மேல் நிற்பது போலிருக்கும். எங்கள் உணவகத்தின் சமையலறை சாலைக்கு இந்தப் பக்கம், மேசைகள் கடலோரமாக அந்தப் பக்கம், நடுவே சீறிப் பாயும் ஸ்கூட்டர்கள். பரிமாறுகிறவன் நொண்டினால் என்ன ஆவது! முதலாளி திராசோஸ், "அண்ணே, பேசாம கல்லாவுல உக்காந்துடுங்களேன்" என்று ஆரம்பித்துவிட்டான். அங்கே ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் பிறகு எழுந்திரு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அக்கா. அந்தப் பயத்தில் பெட்டியின் மின்வில்லைகளைக் கணுக்காலில் ஒட்டி, கம்பியைக் கால்சட்டைக்குள் விட்டு, பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்கே போய்விட்டேன். எறும்பு ஊர்வது போல் குறுகுறுத்தது, வலி அடங்கியது, நானும் இளவட்டம் மாதிரி சாலையைக் கடந்தேன், மேசையருகே குனிந்தேன், தட்டின் விளிம்பு பட்டுப் பெட்டியின் திருகு உச்சத்துக்குத் திரும்பியது, கால் தானாக உதைத்தது, சுட்ட ஆக்டோபஸ் ஒரு வங்கி மேலாளர் மடியில் போய் விழுந்தது. "யோவ், இதுக்கு இன்னும் உயிர் இருக்கா?" என்று அவர் அலறினார்.

மறுநாள் இயன்முறை மருத்துவர் அரெத்தி தலையில் அடித்துக்கொண்டாள். "இதப் போட்டுக்கிட்டு யாராவது தட்டு தூக்குவாங்களா மாமா? உக்காந்து, கொறைச்சலா வச்சுப் போடுங்க. இது வலியக் குணமாக்காது, கொஞ்ச நேரம் அமுக்கி வைக்கும், அவ்வளவுதான். துண்டப் பாதத்துல மாட்டி இழுத்து நீட்டுறீங்களே, அந்தப் பயிற்சிய விட்டுடாதீங்க."

அதன்பின் மாலைதோறும் பால்கனியில் கம்பிகளோடு அமர்ந்தேன். நாள் முழுக்க நின்று முடி வெட்டிவிட்டு வரும் டோம்னாவிடம், வலி எங்கே தொடங்கி எங்கே ஏறுகிறது என்று விளக்கமாகச் சொல்வேன். அவளும் ம் கொட்டுவாள். அக்கா, அசையாமல் உட்கார்ந்தபோது ஒன்று புரிந்தது. வலிக்கிறவனுக்கு உலகமே தன் குதிகால் அளவுக்குச் சுருங்கிப் போகிறது. வலி கொஞ்சம் விலகினால்தான் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். இப்போது எனக்கு எல்லாரும் நன்றாகவே தெரிகிறார்கள். திராசோஸும் கல்லாப் பேச்சை விட்டுவிட்டான். சாலையை மெதுவாகத்தான் கடக்கிறேன், ஆனாலும் கடந்துவிடுகிறேன்.

பெட்டி இனி எனக்கு வேண்டாம். இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அத்தானுக்கு என் அன்பு. உங்கள் எல்லார் கால்களுக்கும் சமதரையே வாய்க்கட்டும்.

உன் தம்பி,
ஸ்தெர்யோஸ்

பி.கு.: பொட்டலம் கட்டும்போது டோம்னா செருப்பைக் கழற்றிவிட்டு, "ஏங்க, அனுப்புறதுக்கு முன்னாடி எனக்கும் ஒரு தடவ ஒட்டி விடுறீங்களா?" என்றாள். அவளுக்கும் குதிகால் வலியாம். என்னுடையதை விடப் பழையதாம். "ஏன்டி சொல்லவே இல்ல?" என்றேன். "நீங்க பேசி முடிக்கட்டும்னுதான் காத்துட்டிருந்தேன்" என்றாள். பெட்டி வராது, அக்கா.