எண்பத்திரண்டு மார்க்

'கிரண்குமார்: பட்டம் நிறைவாகவில்லை. தமிழ்ப் பரீட்சை ஹாலில் கையெழுத்து இல்லை' என்றது கம்ப்யூட்டர்.

ஆபீஸ் கிளார்க் உதயா அதை மறுபடி படித்தாள். யார் படிப்பை முடித்தார், யார் முடிக்கவில்லை என்று தானே சொல்லும் புது புரோகிராம், தொண்ணூற்றொன்பதில்தான் அந்தப் புத்தூர்க் கல்லூரிக்கு வந்திருந்தது. ஏற்கெனவே பட்டம் வாங்கிய பத்துப் பேரின் பதிவுகளைக் கொடுத்துப் பார்த்து, பத்தும் சரியாக வந்தால், மாலையில் இந்த வருடப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம். ஒன்பது சரியாக வந்தது. பத்தாவதாக, ஆசைப்பட்டு, தனக்கு நிச்சயமான மாப்பிள்ளையைப் போட்டிருந்தாள்.

"டிகிரி இல்லாதவனுக்கு என் பொண்ணு இல்ல" என்ற அவள் நைனா, கிரணின் மார்க் ஷீட்டைப் பார்த்த பிறகுதான் தாம்பூலமே மாற்றினார். தமிழில் எண்பத்திரண்டு. அப்பேர்ப்பட்டவன் அவளுக்குக் கடிதம் மட்டும் இங்கிலீஷில்தான் எழுதுவான். அமெரிக்காவுக்குப் பழகுகிறானாம்.

நகரியில் இருந்த கிரணுக்குப் போன் போட்டாள்.

"ஹால்ல உங்க கையெழுத்து இல்லையாம்."

"மார்க்கு கீதில்ல? அந்த ரூல தூக்கிடு, உதயா."

தூக்கினாள். கிரண் தேறினான். மொத்தப் பதிவேட்டையும் ஓட்டிப் பார்த்தாள். பரீட்சைப் பக்கமே வராத நாற்பது பேரும் தேறியிருந்தார்கள். வராதவர்களுக்கு ஃபெயில் மார்க் ஏது?

பிரின்சிபால் வரதராஜன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"ஏம்மா, இந்த கங்கையா மொத வாரமே ஓடிப்போய் சித்தூர் பஸ் ஓட்டிக்கினு இருக்கான். அவனுக்கு எதுக்கு பி.எஸ்ஸி.?"

"இதோ, சரி பண்ணிடறேன் சார்."

கிரண் ஒரே ஒருநாள் நூலகத்தில் கையெழுத்துப் போட்டிருந்தான். அது போதும். கல்லூரியின் எந்தப் பதிவேட்டில் கையெழுத்து இருந்தாலும் பரீட்சைக்கு வந்ததாகக் கொள்ளச் சொன்னாள். கங்கையா போனான், கிரண் நின்றான். ஆனால், தினமும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் ஊழியர்கள் அத்தனை பேருக்கும் பட்டம் வந்துவிட்டது.

"எனக்கு இன்னொரு பி.எஸ்ஸி.யா?" என்றார் வரதராஜன். "அதுவும் செகண்ட் கிளாஸு. அட்டெண்டர் பழனிக்கு ஃபர்ஸ்ட் கிளாஸா?"

"அவர் லீவே போடறதில்ல சார்."

லீவ் போடாத பழனிதான் மற்ற எல்லோருக்கும் முத்துமுத்தான எழுத்தில் லீவ் லெட்டர் எழுதித் தருபவர். டீ டம்ளர்களோடு உள்ளே வந்தவர், திரையில் தன் பெயரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன பழனிண்ணே, சந்தோஷமா?" என்றாள் உதயா.

பழனி குரலைத் தாழ்த்தினார்.

"ஒரே ஒரு பேப்பர்தாம்மா எழுதினேன், அதுவும் நம்ம கிரண் சாருக்காக. அதுக்குப் போயி முழு டிகிரியா குடுப்பாங்க?"