அங்கே ஆசாமி

குளியலறைக்குள் நுழையுமுன் அவர் கை இடப்பக்கச் சுவரைத் தடவும். மேலே, கீழே, மறுபடி மேலே, குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுப்பதுபோல. சுவிட்ச் வலப்பக்கம் இருக்கிறது. குடிவந்த நாளிலிருந்தே அங்கேதான் இருக்கிறது. தடவி ஓய்ந்தபின் இருட்டைப் பார்த்து, "அங்கயெல்லாம் இந்தப் பக்கம் இருக்கும்" என்று பெருமூச்சு விடுவார். இருட்டுக்கு என்ன தெரியும், பாவம்.

வாசகரே, இதுதான் அங்கே ஆசாமி. ஆட்கள் மாற்றலாகி வரும் எந்த அலுவலகத்திலும், புதிதாகக் குடிவரும் எந்தத் தெருவிலும் ஒருவர் இருப்பார். உடம்பு வந்து சேர்ந்திருக்கும். நாக்கு மட்டும் பழைய விலாசத்தைக் காலி செய்திருக்காது.

நம் ஆசாமி ரேஞ்சர். வயல்வெளிகளில் நடக்க வருகிறவர்களுக்காகப் பாதையைச் செப்பனிட்டு, வழிகாட்டிப் பலகை நட்டு, வேலி பார்த்து, நாயை அவிழ்த்துவிடும் கனவான்களிடம் பல்லைக் கடித்துக்கொண்டு பணிவாகப் பேசும் உத்தியோகம். அங்கே புல் தானாகவே பாதைக்கு ஒதுங்கி நிற்குமாம், அங்கே சேறு காலணியில் ஒட்டாதாம், அங்கே மழைகூட வேலை முடிந்த பிறகுதான் பெய்யுமாம். கேட்டுச் சலித்த சக ஊழியர்கள் அவருக்குத் தேநீர் ஊற்றுவதையே நிறுத்திவிட்டார்கள். அங்கே தேநீரும் வேறு மாதிரி.

மனைவிக்கோ இந்த இடம் பிடித்துப்போயிற்று. பக்கத்துப் பள்ளியில் வேலை கிடைத்தது. மூன்று இடங்களில் யாரோடும் ஒட்டாத மகள், இங்கே ஒரு சிநேகிதியைப் பிடித்துவிட்டாள்.

வந்தது வினை. பாதை ஓர் ஆட்டுப்பண்ணையின் குறுக்கே போகிறது. நடக்கிறவர்கள் கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போக, ஆடுகள் சாலைக்கு உலாவப் போக, தானே மூடிக்கொள்ளும்படி ஒரு ஸ்பிரிங் போட்டுத்தரச் சொன்னார் பண்ணைக்காரர். நியாயம்தானே? அங்கே ஸ்பிரிங்கே கிடையாது, ஜனங்களே மூடிவிடுவார்கள் என்றார் ரேஞ்சர். அன்று மாலையே கேட்டில் பூட்டு தொங்கியது. பாதை திறக்காவிட்டால் இந்த இடத்துக்கு வேறு ஆள் வருவார் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அப்படியென்றால் இவர் குடும்பம்? மறுபடி லாரி, மறுபடி அட்டைப்பெட்டி.

மனைவி குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு நானும் வரேன். அவர்கிட்ட என்ன வேணா பேசுங்க. 'அங்க'ன்னு ஆரம்பிச்சீங்க, நீங்க மட்டும் அங்கயே போயிடுங்க. நானும் பாப்பாவும் இங்கதான்."

பண்ணைக்காரர் பூட்டின்மேல் கைவைத்தபடி, முன்பிருந்த ரேஞ்சரின் புகழ் பாடினார். பண்ணைக்காரர் அப்போ ஆசாமி. அங்கே ஆசாமிக்குப் பெரியப்பா முறை. "அவரு தங்கம்யா. அப்போ ஒரு ஆடு வெளிய போயிருக்குமா?"

ரேஞ்சரின் வாய் திறந்தது. தொண்டைமணி மேலேறியதை மனைவி பார்த்தாள். கீழிறங்கியதையும் பார்த்தாள். இருமினார்.

"ஆடு எந்தப் பக்கமாப் போகுதுன்னு கொஞ்சம் காட்டுங்களேன்."

இதை ஒருவரும் அதுவரை பண்ணைக்காரரிடம் கேட்டதில்லை போலும். வேலி நெடுகக் கூட்டிப்போய், ஆடு ஆடாகச் சரித்திரம் சொன்னார். அந்த வாரமே ஸ்பிரிங் ஏறியது, பூட்டு இறங்கியது. வேலி பார்த்த அன்று திரும்பும் வழியில், அடக்கிவைத்த அத்தனை அங்கேயையும் வண்டிக்குள் கொட்டினார் ரேஞ்சர். மனைவி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

சிரிக்கிறீர்கள். நீங்கள் அந்த இனமில்லை. இந்தப் பக்கத்தைத் திறந்ததுமே, 'முன்னெல்லாம் இதைவிட நன்றாக எழுதுவார்கள்' என்று முணுமுணுத்தது வேறு யாரோ.

அந்தத் தங்கம் மாற்றலாகிப் போன இடம் எது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ரேஞ்சரின் மனைவிக்குப் பழைய பக்கத்துவீட்டுக்காரி போன் செய்திருந்தாள்.

"அக்கா, நீங்க காலி பண்ணின வீட்டுக்குக் குடிவந்திருக்காரே புது ரேஞ்சர், தாங்க முடியலக்கா. அவரு முன்ன இருந்த இடத்துல ஒரு ஆட்டுப்பண்ணைக்காரராம். அந்த மாதிரி மனுஷன் உலகத்துலயே கிடையாதாம். கேட்டுக்குப் பூட்டுங்கிற பேச்சே இல்லயாம் அங்க."